யூபிளாக் ஆரிஜின் நின்றுவிட்டது: குரோமை விட்டு ஃபயர்பாக்ஸுக்கு மாறலாமா?

பேரேடு:
விண்டோஸ் 10 லேப்டாப், 8 ஜிபி ரேம், குரோம். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் தானாக ஆஃப் ஆகிக் கிடக்கிறது. "இந்த எக்ஸ்டென்ஷனுக்கு இனி ஆதரவு இல்லை" என்று வருகிறது, ஆன் செய்யவும் முடியவில்லை. ஃபிளாக்ஸ் என்ற சோதனை அமைப்புகள் பக்கத்தில் ஏதோ மாற்றினால் திரும்ப வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அந்தப் பெயரில் எதுவுமே என் குரோமில் இல்லை.

ஃபயர்பாக்ஸுக்கே போய்விடலாமா என்று யோசனை. தயக்கம் இவற்றால்தான்:
பாஸ்வேர்டு எல்லாம் குரோமில். ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு குரோம் புரொஃபைல். ஜிஎஸ்டி தளத்தில் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி) வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ் டைப் செய்வது கூகுள் இன்புட் டூல்ஸ் எக்ஸ்டென்ஷனில். ஃபயர்பாக்ஸ் ரேம் குறைவாக எடுக்கும் என்கிறார்களே, அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சல்லடை:
ஃபிளாக்ஸ் வழி முடிந்த கதை சார். மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய விதிமுறையில் எழுதிய எக்ஸ்டென்ஷன்களை (யூபிளாக் ஆரிஜினும் அந்த வகைதான்) 2024 ஜூனில் எச்சரிக்கையோடு ஆரம்பித்து, படிப்படியாக அணைத்துக்கொண்டே வந்தார்கள். நிறுவனங்களுக்கென்று விட்டுவைத்திருந்த பாலிசி சலுகையும் குரோம் 138-ஓடு சரி. 139-லிருந்து அதுவும் இல்லை. பழைய குரோமை இறக்கி அப்டேட்டை நிறுத்தி வைக்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. ஜிஎஸ்டியும் நெட் பேங்கிங்கும் நடக்கிற மெஷினில் அதை மட்டும் செய்யாதீர்கள். விளம்பரத்துக்குப் பயந்து பாதுகாப்புத் திருத்தங்களை இழக்கிற வேலை அது.

ஏன் நின்றது என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். பழைய முறையில் பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் நடுவில் நின்று பார்க்கும். விடுவதா தடுப்பதா என்று அதுவே முடிவு செய்யும். புதிய விதிமுறையான வி3-இல் அந்த அதிகாரம் குரோமுக்குப் போய்விட்டது. வாட்ச்மேனை அனுப்பிவிட்டு, அவர் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கதவில் ஒட்டிவைத்த மாதிரி. பட்டியலில் இல்லாத ஆள் வந்தால் கேட்க ஆளில்லை.

ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 விதிகள். அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து எடுக்க வேண்டும். எல்லோரும் இந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய குறை அதுவல்ல, அப்டேட். வீடியோ தளங்கள் விளம்பரம் காட்டும் முறையை அடிக்கடி மாற்றுகின்றன. முழு யூபிளாக் தன் 'குயிக் ஃபிக்ஸஸ்' பட்டியலைத் தனியாக, அடிக்கடி இறக்கிக்கொள்ளும். வி3-க்காக எழுதிய யூபிளாக்கின் லைட் பதிப்பில் பட்டியல் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே அடைத்து வருவதால், புதுப் பதிப்பு ஸ்டோரில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸ் வி2-ஐயும் விட்டுவைத்திருக்கிறது, வி3-இலும் தடுக்கும் அதிகாரத்தை எடுக்கவில்லை. தளத்தின் சொந்த டொமைன் பெயருக்குள் ஒளிந்து வரும் டிராக்கரை (நம்மைப் பின்தொடரும் ஸ்கிரிப்டை) அவிழ்த்துப் பார்ப்பது குரோமில் முன்பும் முடியாது. அது ஃபயர்பாக்ஸில் மட்டும்.

இரவுப்பறவை:
வீட்டை மாற்றும் முன் ஒருமுறை லைட் போட்டுப் பார்க்கலாமே. யூபிளாக் ஆரிஜின் லைட், எழுதியவர் அதே ரேமண்ட் ஹில். போட்டதும் அப்படியே விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம். ஐகானை அழுத்தினால் பேசிக், ஆப்டிமல், கம்ப்ளீட் என்று நிலைகள் இருக்கும். பேசிக்கில் கோரிக்கைகளை மட்டும் தடுக்கும். விளம்பரம் போனாலும் வெற்றுப் பெட்டி நிற்கும், "பிளாக்கரை நிறுத்து" என்ற மிரட்டலும் வரும். பேசிக்கில் இருந்தால் ஆப்டிமலுக்கு ஏற்றி, எல்லாத் தளத்திலும் படிக்க, மாற்ற அனுமதி கொடுங்கள். செய்தித் தளங்கள்தான் தொல்லை என்றால் இதுவே போதும், மாற வேண்டியதில்லை.

அப்புறம், இரண்டு பிளாக்கரை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று போட்ட மாற்று ஸ்கிரிப்டை இன்னொன்று தடுத்து, தளம் பாதியில் நிற்கும்.

சல்லடை:
ஒப்புக்கொள்கிறேன். செய்தித் தளம் மட்டும் என்றால் லைட். வீடியோ தளம், சொந்த ஃபில்டர், ஸ்கிரிப்டைத் தளம்வாரியாகத் தடுப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று தேவை என்றால் ஃபயர்பாக்ஸ்.

பிரேவ் பிரவுசர் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால்: அதன் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் அல்ல, பிரவுசருக்குள்ளேயே எழுதப்பட்டது. அதனால் வி3 அதைத் தொடாது. குரோமிலிருந்து போவதும் கிட்டத்தட்ட நோகாமல் முடியும். எட்ஜுக்குப் போய் பயனில்லை, அதுவும் குரோமின் அடித்தளமான குரோமியம்தான், அதே பாதைதான்.

நீலநரி:
மாறுவதாக முடிவு செய்தால் இந்த வரிசையில் போங்கள். குரோமை நீக்க வேண்டாம், டீஃபால்ட் பிரவுசரையும் இப்போது மாற்ற வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும்.

புக்மார்க்: ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ் → ஜெனரல் → இம்போர்ட் பிரவுசர் டேட்டா. அங்கே குரோம் புரொஃபைல்கள் தனித்தனியாகத் தெரியும். எந்தப் புரொஃபைல் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி இதிலேயே வந்துவிடும்.

பாஸ்வேர்டுக்கு மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள். குரோம் தன் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் முறையை விண்டோஸில் இறுக்கிக்கொண்டே வருகிறது, வேறு பிரவுசர் நேராக எடுப்பது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும். சிஎஸ்வி (எல்லாவற்றையும் வரிவரியாக எழுதிய சாதாரண ஃபைல்) வழிதான் நிச்சயம். குரோமில் பாஸ்வேர்டு மேனேஜர் → செட்டிங்ஸ் → எக்ஸ்போர்ட். விண்டோஸ் பின் கேட்கும், கொடுங்கள். ஃபயர்பாக்ஸில் மூன்று கோடு மெனு → பாஸ்வேர்ட்ஸ் → மேலே உள்ள மூன்று புள்ளி → இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல். முடிந்ததும் எத்தனை புதிதாகச் சேர்ந்தது, எத்தனை ஏற்கெனவே இருந்தது, எத்தனை பிழை என்று காட்டும். அந்தப் பக்கத்தை மூடிவிடாமல் விவர அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

அந்த ஃபைலில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாக எழுதியிருக்கும். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் சேமிக்காதீர்கள். ஒன்டிரைவ் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் நொடியில் மேலே ஏறிவிடும். டவுன்லோட்ஸில் வைத்து, வேலை முடிந்ததும் ஷிஃப்ட் + டெலிட்.

குரோமில் பாஸ்வேர்டோடு நோட்ஸ் எழுதி வைத்திருந்தால் அது ஃபயர்பாக்ஸுக்கு வராது. பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, பின் கொண்டு நுழையும் முறை) சிஎஸ்வியில் வராது. பாஸ்கீ வைத்த தளங்களைத் தனியாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் புதிதாக ஒன்று பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு புரொஃபைல் விஷயத்தில் இரண்டு வழி. ஃபயர்பாக்ஸ் மெனுவிலேயே புரொஃபைல்ஸ் இருக்கிறது, குரோம் மாதிரியே தனி விண்டோ, தனிப் பாஸ்வேர்டு, தனி எக்ஸ்டென்ஷன். இன்னொன்று மொசில்லாவின் மல்ட்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் எக்ஸ்டென்ஷன்: ஒரே விண்டோவில் ஒரு டேபில் ஆபீஸ் ஜிமெயில், பக்கத்து டேபில் வீட்டு ஜிமெயில், கலர் கோடு மட்டும் வேறு. வசதி இதில்தான். ஆனால் கன்டெய்னர் பிரிப்பது குக்கீயையும் லாகினையும்தான். பாஸ்வேர்டு, ஹிஸ்டரி, புக்மார்க் எல்லாவற்றுக்கும் பொது. ஆபீஸ் பாஸ்வேர்டு வீட்டுப் பக்கம் தெரியவே கூடாது என்றால் புரொஃபைல்தான்.

கீபோர்டு_கந்தன்:
தமிழுக்குப் பிரவுசர் எக்ஸ்டென்ஷனை நம்பியிருப்பதை முதலில் விடுங்கள். விண்டோஸ் 10-இல் 1903 பதிப்பு முதல் தமிழ் ஃபோனெட்டிக் (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாகும் கீபோர்டு) உள்ளேயே வருகிறது. செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்க்வேஜ் → லாங்க்வேஜ் → தமிழ் சேர்த்து, ஆப்ஷன்ஸில் போய் அந்தக் கீபோர்டைக் கூட்டுங்கள். விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். தமிழ்99 கீபோர்டு கைப்பழக்கம் என்றால் கீமேன் அல்லது இ-கலப்பை மென்பொருள். இனி எந்தப் பிரவுசர் என்பது பொருட்டே இல்லை, டேலியிலும் வேர்டிலும் அடிக்கலாம்.

ஃபயர்பாக்ஸில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி: செட்டிங்ஸ் → ஜெனரல் → ஃபான்ட்ஸ் → அட்வான்ஸ்ட். மேலே மொழிப்பட்டியலில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால், தமிழுக்கு மட்டும் ஃபான்ட், அளவு, குறைந்தபட்ச அளவு வைக்கலாம். நிர்மலா யூஐ வைத்து, குறைந்தபட்சம் 15 கொடுத்தால் கண்ணுக்குச் சுகம். குரோமின் ஃபான்ட் பக்கத்தில் இப்படி மொழிவாரியாகப் பிரித்து வைக்க வழியில்லை.

இரவுப்பறவை:
டிஎஸ்சியை ஃபயர்பாக்ஸுக்குக் கொண்டு போகவே வேண்டாம் என்பது என் கருத்து. கையெழுத்துப் போடுகிற புரோகிராம் உங்கள் மெஷினிலேயே 127.0.0.1 முகவரியில் சின்ன சர்வராக ஓடுகிறது. ஜிஎஸ்டி பக்கம் அதோடு பேச வேண்டும். அதன் சான்றிதழ் விண்டோஸ் கிடங்கில் இருக்கும், குரோமும் எட்ஜும் அதைப் பார்க்கும். ஃபயர்பாக்ஸுக்குத் தனிக் கிடங்கு. 120-ஆம் பதிப்பு முதல் விண்டோஸில் நாம் சேர்த்த ரூட் சான்றிதழையும் அது நம்புகிறது (செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சர்டிஃபிகேட்ஸ் பகுதியில் டிக் இருக்கிறதா பாருங்கள்). ஆனாலும் ரிட்டர்ன் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு "சர்வரோடு இணைக்க முடியவில்லை" என்று வந்தால் யார் தேடிக்கொண்டிருப்பது? டோக்கன் வேலைக்கு எட்ஜ், எக்ஸ்டென்ஷன் எதுவும் போடாமல். மற்றதெல்லாம் ஃபயர்பாக்ஸ்.

ரேம் பற்றி: அதற்காக மாறாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டுமே தளங்களைத் தனித்தனி பிராசஸில் ஓட்டுகின்றன, கனமான பக்கம் எங்கே திறந்தாலும் கனம்தான். இரண்டிலும் ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். ஃபயர்பாக்ஸ் 140 முதல் டேபை ரைட் கிளிக் செய்து 'அன்லோட் டேப்' கொடுக்கலாம், மெமரி விடுபடும், டேப் அப்படியே நிற்கும். குரோமில் செட்டிங்ஸ் → பெர்ஃபார்மன்ஸ் → மெமரி சேவர் இதே வேலைக்கு. விளம்பரம் நின்றாலே பாதிப் பாரம் இறங்கும், அது பிரவுசரின் பெருமை அல்ல.

பேரேடு:
மிக்க நன்றி. ஆபீஸ் புரொஃபைலை மாற்றியாயிற்று, தமிழ் ஃபோனெட்டிக் ஜோராக ஓடுகிறது. மூன்று சிக்கல் பாக்கி. சிஎஸ்வியில் பழைய, இரட்டைப் பதிவுகளை எக்செலில் திறந்து நீக்கிவிட்டு இம்போர்ட் செய்தேன். பெரும்பாலும் சரி, சில தளங்களில் மட்டும் பாஸ்வேர்டு தவறு என்கிறது. குரோமில் அதே தளம் திறக்கிறது. அடுத்தது, நெட் பேங்கிங்கில் லாகின் அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றாவது, "ஆண்ட்ராய்ட்" என்று தொடங்கும் முகவரிகள் சிஎஸ்வியில் இருக்கின்றன, அவை என்ன?

நீலநரி:
எக்செல்தான் காரணம். திறந்த உடனே அது தன் புத்தியைக் காட்டும். 004512 என்ற பாஸ்வேர்டு 4512 ஆகிவிடும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போகும் எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகும். 3-5 என்பது தேதியாகிவிடும். = அல்லது + குறியில் தொடங்கினால் ஃபார்முலா என்று எடுத்துக்கொள்ளும். சேவ் செய்ததும் அது நிரந்தரம். தவறு என்று சொல்லும் தளங்களின் பாஸ்வேர்டைப் பாருங்கள், இந்த நாலில் ஒன்றாக இருக்கும்.

சரிசெய்ய: குரோமிலிருந்து புதிதாக எக்ஸ்போர்ட் செய்து, எக்செல் பக்கமே போகாமல் நேராக இம்போர்ட் செய்யுங்கள். ஒரே தளம், ஒரே யூசர்நேம் என்றால் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். யூசர்நேமும் எண்ணாக இருந்து மாறிப்போயிருந்தால் மட்டும் இரண்டு பதிவு நிற்கும், தவறானதைக் கையால் நீக்குங்கள். களையெடுக்கும் வேலையை ஃபயர்பாக்ஸுக்குள் வந்தபின் வைத்துக்கொள்ளலாம். ஃபைலில்தான் நீக்க வேண்டும் என்றால் நோட்பேட்.

ஆண்ட்ராய்ட் முகவரிகள், போனில் உள்ள ஆப்களுக்கு கூகுள் சேமித்தவை. ஃபயர்பாக்ஸில் அவற்றால் பயனில்லை. பிழை எண்ணிக்கையில் அவை வந்தால் கவலைப்பட வேண்டாம்.

சல்லடை:
நெட் பேங்கிங்: பெரும்பாலும் லாகின் தனி விண்டோவில் திறக்கும் வகையாக இருக்கும், ஃபயர்பாக்ஸ் அதை பாப்-அப் என்று நிறுத்தியிருக்கும். முகவரிப் பட்டை ஓரத்தில் சின்ன ஐகானோ மேலே அறிவிப்புப் பட்டையோ தெரிகிறதா பாருங்கள், அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பாப்-அப் பிளாக்கரையே அணைக்காதீர்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்துக் கேடய ஐகானை அழுத்தி, அந்தத் தளத்துக்கு டிராக்கிங் பாதுகாப்பை ஆஃப் செய்து பாருங்கள். 'ஸ்ட்ரிக்ட்' வைத்திருந்தால் ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள், யூபிளாக் இருக்கும்போது ஸ்ட்ரிக்டால் பெரிய லாபமில்லை. அடுத்தது யூபிளாக் ஐகானில் பெரிய பவர் பட்டன். ஒவ்வொன்றாக அணையுங்கள், மூன்றையும் ஒரே அடியில் அணைத்தால் குற்றவாளி யார் என்று தெரியாது.

பேரேடு:
பாப்-அப்தான், திறந்துவிட்டது. வீட்டுப் புரொஃபைலைத் தொடும் முன் ஒன்று: இதுவரை செய்ததை பேக்கப் எடுத்து வைக்க வழி?

நீலநரி:
மெனு → ஹெல்ப் → மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன். அதில் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியில் 'ஓபன் ஃபோல்டர்'. ஃபோல்டர் திறந்ததும் ஃபயர்பாக்ஸை முழுதாக மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி எடுத்தால் டேட்டாபேஸ் ஃபைல்கள் பாதியில் நிற்கும். ஒரு படி மேலே போய் அந்த ஃபோல்டரை மொத்தமாகப் பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். பாஸ்வேர்டு மட்டும் போதும் என்று 'லாகின்ஸ்' ஃபைலை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. பூட்டுக்குச் சாவி 'கீ4' என்ற ஃபைலில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். பென்டிரைவ் வெளியே போகும் வாய்ப்பு இருந்தால், காப்பி எடுக்கும் முன்பே செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் 'பிரைமரி பாஸ்வேர்டு' (சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் பூட்டும் ஒன்று) வைத்துவிடுங்கள்.