சிங்களத்தின் முதல் பேசும் படத்தை எடுத்தவர் தமிழரா?

மாங்குளம் வாசகி:
எங்கள் வாசிகசாலையில் அடுத்த மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒரு சுவர் இலங்கைத் திரைப்படத்துக்கு. "சிங்களத்தில் முதல் பேசும் படம் எடுத்தவரே ஒரு தமிழர்தான்" என்று அம்மப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இப்போது இல்லை. பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிவிடக் கூடாதே என்று கேட்கிறேன். நமது மண்ணில் தமிழ்ப் படம் எப்போது வந்தது?

பரந்தன் பெரியவர்:
பிள்ளை, அம்மப்பா சொன்னது சரி. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிட்ட 'கடவுனு பொறொந்துவ'தான் அந்தப் படம். தயாரித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். எம். நாயகம். இங்கே கலையகம் இல்லாத காலம். நடிகர்களைக் கடல் தாண்டி அழைத்துப்போய்த் தென்னிந்தியாவில் படம் பிடித்தார்கள். கதாநாயகி ருக்மணி தேவி, றம்பொடையில் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ். சிங்கள மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தக் குரல் ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. இதைச் சுவரில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தமிழுக்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1962இல் 'சமுதாயம்'. அதை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச, ஒரு சிங்களவர்! அங்கே தமிழர் கைகொடுத்தார், இங்கே சிங்களவர் கைகொடுத்தார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

ஏன் இவ்வளவு தாமதம்? நான் இளவயதில் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டருக்கு உதவியாளாக நின்றவன். படம் காட்டும் இயந்திரத்தில் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சியை மாற்றுவதும் றீல் சுற்றுவதும் என் வேலை. பெட்டி பெட்டியாக வந்தவை எல்லாம் சென்னைப் படங்கள். பெரிய நட்சத்திரங்கள், பாட்டுகள், முதல் காட்சியிலேயே நிரம்பும் கலரி. அதற்கு எதிரே புதுமுகங்களை வைத்துச் சொந்தப் பணத்தைக் கொட்ட யார் துணிவார்கள்? துணிந்தவர்களை நான் மதிக்கிறேன்.

வவுனியா அன்பர்:
பெரியவர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். 'தோட்டக்காரி'யை முதல் தமிழ்ப் படம் என்று எழுதுபவர்களும் உண்டு. பி. எஸ். கிருஷ்ணகுமார் எடுத்த மலையகக் கதை அது. கண்காட்சியில் குழப்பம் வரலாம்.

பரந்தன் பெரியவர்:
நல்ல வேளை நினைவூட்டினீர்கள், தம்பி. இரண்டு கூற்றும் பிழையில்லை. 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர் சுருளில் எடுத்தது. நாங்கள் ஓட்டிய இயந்திரம் 35 மில்லிமீற்றருக்கானது. அந்தச் சின்னச் சுருளை அதன் பல்சக்கரத்தில் மாட்டவே முடியாது. வழமையான தியேட்டர்களுக்கு ஏற்ற 35 மில்லிமீற்றரில் முதலில் வந்தது 'தோட்டக்காரி'. இரண்டு பெயரையும் சுருளின் அளவையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பிள்ளை.

1972இல் வந்த 'குத்துவிளக்கு'க்கும் இடம் வையுங்கள். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பத்தின் கதை. திரையில் நமது வீட்டு முற்றத்தைக் கண்டபோது நான் அழுதேன். பிறகு 1983 கலவரத்தில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிந்தது. அந்த நெருப்பை என்னால் மறக்க முடியாது.

மாங்குளம் வாசகி:
ஐயா, மிக்க நன்றி. அம்மப்பா சேர்த்துவைத்த பாட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. 2009இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியை வழியில் விட்டுவிட்டோம். சுவரில் ஒட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. உங்களிடம் பழைய றீல் தட்டு ஏதும் இருக்கிறதா? ஞாயிறு காலை பஸ்ஸில் பரந்தனுக்கு வருகிறேன். பிள்ளைகள் நால்வரும் கூட வருவார்கள். கார்பன் குச்சி எப்படி எரியும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.