மறு: டூயல் பூட் = இரட்டைத் துவக்கு?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கணினிச் சொற்களுக்குத் தமிழ் வைக்கச் சென்னையிலிருந்து அண்ணா அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அணைத்த கணினி இயங்கத் தொடங்கும் பூட் என்பதற்குத் ‘துவக்கு’, இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட் லோடருக்குத் ‘துவக்கி’, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்திருக்கும் டூயல் பூட்டுக்கு ‘இரட்டைத் துவக்கு’. சொற்கள் கச்சிதமாகத்தான் இருக்கின்றன. ஆனால் திருகோணமலையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிற எனக்கு இவை உதவாது. எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. இரட்டைத் துவக்கு என்று சொன்னால் இரட்டைக்குழல்தான் ஞாபகம் வரும். ‘இங்கே இரட்டைத் துவக்கு திருத்தித் தரப்படும்’ என்று கடை வாசலில் பலகை மாட்டினால் முதலில் உள்ளே வருகிறவர் கணினியோடு வரமாட்டார்.

சரி, பூட் என்றே விட்டுவிடலாமே என்று போன கடிதத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் பேச்சில் பூட்டுவது என்றால் பாகங்களைப் பொருத்துவதும்தான். சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவோம். போன கிழமை கடையில் நடந்த உரையாடல் இது:

“புது டிஸ்க் பூட்டிட்டீங்களா?”

“பூட்டிட்டன் சேர். பூட் ஆகுதில்ல.”

“பூட்டினா ஏன் பூட்டுதில்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்த வேலையிலிருந்துதான் நான் முன்வைக்கப்போகிற சொல் வந்தது. ஆகவே வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர் உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். வீட்டுக் கணினியில் இரண்டு டிரைவ். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் பேரன் போட்டுக் கொடுத்த உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். பேரன் கவனமான பிள்ளை. விண்டோஸ் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு உபுண்டுவை நிறுவியிருக்கிறான். அதனால் உபுண்டு டிரைவுக்கென்று தனியாக ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், அதாவது பூட் லோடர் இருக்கும் சின்னப் பகுதி, இருந்தது. அந்த டிரைவ், பழைய சுழலும் டிஸ்க், டக் டக் என்று சத்தம் போடத் தொடங்கியதும் என்னிடம் கொண்டு வந்தார். நான் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, புதிதாகப் பார்ட்டிஷன் பிரித்து, இரவோடு இரவாகக் கோப்புகளை ஒன்று விடாமல் படியெடுத்தேன். காலையில் பொத்தானை அழுத்தினால் நேரே விண்டோஸ். உபுண்டு இருந்த அடையாளமே இல்லை.

எல்லாக் கோப்பும் அங்கேதான் இருந்தது. கணினியை முதலில் இயக்கும் தாய்ப்பலகை நிரல் பழைய பயாஸாக இருந்தால் இயந்திரம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து அதன்படி நடக்கும். பயாஸுக்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ இயந்திரங்கள் அப்படியல்ல. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சின்ன நினைவகத்தில் ‘உபுண்டு என்றால் இன்ன பார்ட்டிஷனில் இன்ன கோப்பு’ என்று குறிப்பு எழுதி வைத்திருக்கும். அந்தப் பார்ட்டிஷனை அது முதலாவது, இரண்டாவது என்று எண்ணி வைப்பதில்லை. 128 பிட் நீளமான ஓர் அடையாள எண்ணால் அறிகிறது. நான் புதிதாகப் பார்ட்டிஷன் பிரித்தபோது அடையாளம் மாறிவிட்டது. டிரைவை மாற்றினாலும் தாய்ப்பலகையில் இருப்பது பழைய விலாசம்தான்.

யூஎஸ்பி குச்சியிலிருந்தே ஓடும் உபுண்டுவில் (லைவ் யூஎஸ்பி) போய்ப் புதுக் குறிப்பு ஒன்றை எழுதினேன். இப்போது உபுண்டுவின் பூட் லோடரான கிரப் வந்தது, ஆனால் மெனு வரவில்லை. கறுப்புத் திரையில் ‘கிரப்>’ என்று நின்றுகொண்டு என்னிடமே வழி கேட்டது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் உபுண்டு என்ற அடைவில் மூன்று வரியில் ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். உபுண்டு இருக்கிற மூலப் பார்ட்டிஷனின் அடையாள எண் (யூயூஐடி) அதில்தான் இருக்கிறது. அதுவும் பழசு. நான்தான் சொல் தவறாமல் படியெடுத்தேனே, பழைய விலாசத்தையும் சேர்த்து!

பிறகு வழக்கமான வேலை. புதுப் பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்து, டெவ், ப்ரொக், சிஸ் என்ற மூன்று அமைப்பு அடைவுகளையும் இணைத்து, சீஎச்ரூட் கட்டளையால் அந்த உபுண்டுவுக்கு உள்ளே போய், பிளாக்ஐடி கட்டளை காட்டிய புது எண்களை, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதி, கிரப்பை மீண்டும் நிறுவி மெனுவைப் புதுப்பிக்க கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். விண்டோஸ் மெனுவில் தெரியவில்லை. கிரப் 2.06இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் திறந்துவிட்டேன். அப்புறம் உபுண்டு வந்தது, ஆனால் வழியில் ஒன்றரை நிமிடம் அப்படியே உறைந்து நின்றது. எஃப்எஸ்டாப்பில், நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடமான ஸ்வாப் வரியில் எண்ணை மாற்ற மறந்திருந்தேன். இல்லாத பார்ட்டிஷன் வரும் வரும் என்று, உபுண்டுவின் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் மேலே போனது.

ஆக தாய்ப்பலகை, அந்தக் குட்டிக் கோப்பு, எஃப்எஸ்டாப் என்று மூன்று இடம், மூன்றிலும் பழைய விலாசம். இதை வாத்தியாருக்கு விளங்கப்படுத்த வேண்டுமே. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்துக்கு இங்கே விடிய முன்னம் சங்கூதிக்கொண்டு தெருத்தெருவாய் வருவார்கள், தெரியும்தானே. நான் சொன்னேன்: “சேர், சங்கூதுற பொடியன் உங்கட பழைய வீட்டு வாசலில நிண்டு ஊதுறான். நீங்கள் வீடு மாறிட்டீங்கள். ஆர் எழும்புறது?” மனுசன் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஒரு கேள்வியும் இல்லை.

அதனால் என் முன்மொழிவு, பூட் லோடருக்கு ‘எழுப்பி’. தாய்ப்பலகையில் இருக்கிற பதிவு ‘எழுப்புக் குறிப்பு’. எதை முதலில் முயல்வது என்ற ஒழுங்கு ‘எழுப்பு வரிசை’. கணினியின் பக்கம் நடப்பது ‘எழுகை’. ‘எழுச்சி’ வேண்டாம். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது.

சும்மா ஊர் ஞாபகத்துக்காக இதைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இயந்திரம் தானாக வருவதற்கும் அதை இன்னொன்று கொண்டுவருவதற்கும் பூட் என்ற ஒரே வினைதான். தமிழில் எழும்பு, எழுப்பு என்று தன்வினையும் பிறவினையும் கைவசம் இருக்கின்றன. திருத்துகிறவனுக்கு முதல் கேள்வியே அதுதான்: எழுப்பவில்லையா, எழும்பவில்லையா? நேரே விண்டோஸுக்குப் போனதும் கிரப் வெறுமனே நின்றதும் எழுப்பாத பிழை. ஒன்றரை நிமிடம் முழித்துக்கொண்டு நின்றது எழும்பாத பிழை. முதலாவதற்கு எழுப்புக் குறிப்பையும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு எஃப்எஸ்டாப்பை. துவக்கு, துவங்கு என்றும் இணை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, துப்பாக்கியோடு இருக்கிறது.

திருமலையிலிருந்து,
கடைக்காரன்

*

சென்னையிலிருந்து:

தம்பி, துப்பாக்கி விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வாபஸ். பட்டியலில் ‘துவக்கு’ வருகிற எல்லா இடத்தையும் நிறுத்தி வைக்கிறேன். ஆனாலும் ‘துவக்கம்’, ‘தொடக்கம்’ இரண்டும் இங்கே பழகிப்போன சொற்கள், லேசில் போகாது.

‘எழுப்பி’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு ஆட்சேபம். மடிக்கணினியை மூடினால் உறக்கத்துக்குப் போகிறது, திறந்தால் எழுகிறது. அதையும் எழுப்புவது என்றுதானே சொல்வோம்? அணைத்துப் போட்ட கணினியும் உறங்குகிற கணினியும் ஒன்றல்ல. உறக்கத்தில் நினைவகத்துக்கு மின்சாரம் இருக்கும், எழுப்பிக்கு அங்கே வேலையே கிடையாது. இந்த இரண்டும் குழம்பினால், நீங்கள் மெச்சிக்கொண்ட தன்வினை பிறவினை எல்லாம் வீண்.

இன்னொன்று, பூட் என்பது பூட்ஸ்ட்ராப்பின் சுருக்கம். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற கற்பனை. அந்த ‘தானே’ உங்கள் சொல்லில் இல்லை. ‘தற்றூக்கி’ என்று ஒன்று யோசித்தேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

*

கிண்ணியாவிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். இந்தக் குழுவில் இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அண்ணன் சொன்ன சங்கு எங்கட பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் எங்களுக்கு அதைவிடக் கிட்டடியில் ஒன்று இருக்கிறது. நோன்பு காலத்தில் சஹருக்கு, அதாவது விடிய முன்னம் சாப்பிட, எங்களை எழுப்பப் பாவா என்று நாங்கள் சொல்கிறவர் றபான் என்ற பறையை அடித்துப் பாடிக்கொண்டு தெருவழியே வருவார். வகுப்பில் நேற்று ‘எழுப்பி’ என்று மட்டும் எழுதி, இது கணினிக்குள் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த ஒருவன், “பாவா, மிஸ்” என்றான். சொல் வேலை செய்கிறது.

சென்னை அண்ணன் கேட்டதற்கு எங்கள் வீட்டுப் பேச்சிலேயே பதில் இருக்கிறது. கண் முழிப்பது வேறு, எழும்பிப் பாயைச் சுருட்டி வைப்பது வேறு. உறக்கத்திலிருந்து வருவதை ‘விழிப்பு’ என்று வைத்துக்கொண்டால் ‘எழுகை’ அணைத்த கணினி வருவதற்கு மிஞ்சும். ‘தானே’ என்பதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். கணினி உண்மையில் தன்னைத் தானே தூக்குவதில்லை. சின்னது பெரியதை எழுப்புகிறது, பெரியது அதைவிடப் பெரியதை எழுப்புகிறது. பாவா வாப்பாவை எழுப்ப, வாப்பா உம்மாவை எழுப்ப, உம்மா எங்களை எழுப்புவா. தாய்ப்பலகை, கிரப், இயங்குதளத்தின் கருவான கெர்னல் என்று அதே வரிசைதான்.

திருகோணமலை அண்ணன் எழுதாத ஒன்று. எழுப்புக் குறிப்பு இல்லாமலும் சில டிரைவ் எழும்பும். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஈஎஃப்ஐ, அதற்குள் பூட் என்ற அடைவில் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், குறிப்பு எதுவும் கிடைக்காதபோது இயந்திரம் அதைத் தேடும். யூஎஸ்பி குச்சியில் உள்ள உபுண்டு பெரும்பாலான கணினிகளில் செருகியதும் வருவது இதனால்தான். இதற்கும் ஒரு பெயர் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். என் மாணவி ஒருத்தி வீட்டில் இதே வேலையைச் செய்யப்போய், நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்தினாள். விண்டோஸ் பக்கத்தில் டிரைவைக் குறியாக்கி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தது. அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது. எண் பழைய மின்னஞ்சல் கணக்கில் இருந்தது, அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. இரண்டு நாள் பிள்ளை சாப்பிடவில்லை. ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்க முன்னமே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக டூயல் பூட். ‘இரட்டை எழுகை’ என்று யாரும் சொல்லப்போகிறீர்கள் என்றால் நான் எதிர்ப்பு. இரண்டு தரம் எழும்புவதில்லை. ஒரே வளவில் இரண்டு குடும்பம் இருக்கிறது, இன்றைக்கு யாரை எழுப்புவது என்று வாசலில் நின்று கேட்கிறோம், அவ்வளவுதான். ‘இருகுடிக் கணினி’ எப்படி?

*

திருகோணமலையிலிருந்து:

டீச்சர், பாவாவிடம் என் சங்கு தோற்றது, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். விழிப்பு, எழுகை பிரிவும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘இருகுடி’ எனக்கு நன்றாகப்படுகிறது. ஆனால் கடையில் உதவிக்கு நிற்கிற பொடியனிடம் சொன்னேன். “அண்ணே, ரெண்டு பேரும் குடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு” என்றான். அவனுக்கு ‘குடி’ என்றால் அது ஒன்றுதான். இதை இன்னும் கொஞ்ச நாள் ஊறப்போடுவோம். அதுவரை ‘இரட்டை இயங்குதளம்’ என்று சாதாரணமாகவே எழுதிவிடுகிறேன், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

பூட்எக்ஸ்64 கோப்புக்கு ‘பொது எழுப்பி’ என்று வைக்கலாமா? குறிப்பில் பெயர் இல்லாத வீட்டுக்கும் ஊதிவிட்டுப் போகிறது அல்லவா. வாத்தியாரின் டிரைவிலும் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். இனி தாய்ப்பலகையின் நினைவகம் அழிந்துபோனாலும் அவருக்கு வழி ஒன்று மிஞ்சும்.

அவர் நேற்றுப் பின்னேரம் வந்து கணினியைக் கொண்டுபோனார். வேலைத் துண்டில் துணிந்து தமிழிலேயே எழுதினேன்: ‘புது டிரைவ் பொருத்தப்பட்டது. எழுப்பி மீண்டும் நிறுவப்பட்டது. பழைய எழுப்பு குறிப்பு நீக்கப்பட்டது.’ ‘பூட்டப்பட்டது’ என்று எழுதவந்த கையை நிறுத்திக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை இரண்டு தரம் வாசித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். ‘எழுப்பு’க்கும் ‘குறிப்பு’க்கும் நடுவில் நான் விட்ட ‘க்’கைப் போட்டுவிட்டுத்தான் காசை எண்ணித் தந்தார்.