‘கீழ்ப்பித்து’ வேண்டாம்: ஹைப்போமேனியாவுக்கு வேறு சொல்

அக்கரைப்பற்று அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

மனம் அளவுமீறி ஏறுவதும் சோர்ந்து விழுவதுமான பைபோலார் நோயின் வகைகளுக்கு அண்ணன் அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். ‘இருமுனைக் கோளாறு’ ஏற்கெனவே புழங்கிவிட்டது, இருக்கட்டும். (மண்முனையும் கல்முனையும் உள்ள நம் பக்கத்தில் அது இன்னோர் ஊர்ப்பெயர் போலக் கேட்கிறது, அது வேறு கதை.) என் சண்டை அந்த ஏற்றத்துக்கு, அதாவது மேனியாவுக்கு, வைத்த ‘பித்து’, அதன் லேசான வடிவமான ஹைப்போமேனியாவுக்கு வைத்த ‘கீழ்ப்பித்து’ இரண்டோடும்தான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 1980இல் நோயின் பெயரிலிருந்து ‘மேனிக்’கை எடுத்துவிட்டது. நாம் ஏன் பித்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

மட்டக்களப்பில் குடும்பங்களோடு உட்கார்ந்து இந்த நோயை விளக்குவது என் வேலை. பித்து என்றதும் சிலர் பித்தம் என்று நினைத்துப் பத்தியம் கேட்பார்கள். மற்றவர்களுக்கு அது விசர், பைத்தியம்தான். அதற்குப் பிறகு நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது. ‘எழுச்சி’ என்றால் இங்கே மேடையும் கொடியும். ‘கிளர்ச்சி’யைச் சொல்லவே வேண்டாம்.

‘பெருக்கு’ எப்படி? வாவி பெருகும், வற்றும், எல்லோருக்கும் தெரியும். மேனியா ‘மனப்பெருக்கு’. 7 நாளாவது நீடிக்கும், அல்லது அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரும்; ஒருமுறை வந்தாலே முதலாம் வகை. ஹைப்போமேனியாவுக்கு ‘இளம்பெருக்கு’. இளஞ்சூடு, இளவெயில் என்கிறோமே, அந்த இளம். 4 நாளாவது இருக்கும், ஆனால் வேலையையோ வீட்டையோ குலைத்துப் போடாது. இதோடு பெரிய மனச்சோர்வும் வந்திருந்து, முழுப்பெருக்கு ஒருபோதும் வராதிருந்தால் இரண்டாம் வகை.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும். 3 மணிநேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் சாமத்தில் வயல்வட்டைக்குப் போய், வந்து ஓயாமல் கதைத்து, புதுத் தொழிலுக்குத் திட்டம் போடுகிறவனை யாரும் நோயாளி என்று கூட்டிவர மாட்டார்கள். “மகன் இப்பதான் நல்லா உசாரா இரிக்கான்” என்பார்கள். சோர்ந்து விழுந்த பிறகுதான் வருவார்கள். நாம் பெருக்கைப் பற்றிக் கேட்காவிட்டால் வெறும் மனச்சோர்வு என்று பதிவாகும். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அதுவே மேலே தூக்கிவிடும்.

‘இரண்டாம் நிலை’ என்றும் எழுதாதீர்கள். புற்றுநோய் மாதிரி முற்றிவிட்டதா என்று கேட்கிறார்கள். லேசான நோய் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டாம் வகைக்காரர் நீண்ட காலம் சோர்விலேயே கிடப்பார், தற்கொலை ஆபத்து அங்கேயும் பெரிது.

சைக்ளோதைமியாவுக்கு ‘அலைமனம்’ என்பது குணத்தைத் திட்டுவது போலிருக்கிறது. 2 வருடமாவது சிறு ஏற்றமும் சிறு இறக்கமுமாக ஓடுவது அது. ‘நெடுந்தளம்பல்’ எனலாமா?

*

தங்கச்சி,

தளம்பல் நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். பித்தையும் விட்டுவிடுகிறேன். இளம்பெருக்கில்தான் இடறுகிறது. இந்த நோய் பலருக்குப் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. இளவயதுக்காரருக்கு வருகிற வகை என்று வாசித்துவிடுவார்கள். ‘அரைப்பெருக்கு’ சரிவருமா? அப்புறம், சோர்வும் பெருக்கும் சேர்ந்து வருவதற்கு நீங்கள் சொல் தரவில்லையே. அழுதபடியே தூங்காமல் துடிப்பவரை வாவியில் எங்கே வைப்பது?

*

முகத்துவாரத்தில், அண்ணன். மாரி வெள்ளமும் கடல்நீரும் அங்கேதான் ஒன்றையொன்று தள்ளும். ‘கலப்புப்பெருக்கு’ என்று குறித்துவையுங்கள். இளமா அரையா என்பதை நாளைக்கு வருகிற தாய்மாரிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.