செம்மண் காட்டில் உழவைக் குறைக்கலாமா?

தலைவாசல் மானாவாரி:
ஆடிப்பட்ட மக்காச்சோளத்துக்கு எங்கள் பக்கம் கோடையில் ஒரு உழவு, ஆடியில் இரண்டு உழவு, கடைசியாக மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் என்பதுதான் வழக்கம். நான் இதை விட்டுவிட்டேன். விதை விழுகிற உழவுச் சால் மட்டும் கீறி, போன வெள்ளாமையின் காய்ந்த தண்டான தட்டு மண்மேல் கிடக்கவிட்டு விதைக்கிறேன். மானாவாரிக்காரர்கள் எல்லோரும் இதற்கு மாற வேண்டும் என்பேன்.

ரொட்டவேட்டர் ஓட்டிய செம்மண் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு பெருமழை அடித்து வெயில் காயட்டும், மேலே பொருக்குத் தட்டிவிடும். அதை விரலால் பெயர்த்தால் ஓடு மாதிரி கையோடு வரும். அடியில் முளை வெளுத்து, வளைந்து, வெளியே வர வழியில்லாமல் கிடக்கும். அடுத்த மழை இறங்காமல் ஓடையில் போய்விடும். ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதை ஓடைக்கு விட்டுவிட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்கிறோம்.

வாழப்பாடி கிழங்கு:
தம்பி, எல்லோரும் மாற வேண்டும் என்று சொல்லாதீர்கள். நான் மரவள்ளிக்காரன். மண் பொலபொலவென்று இருந்தால்தான் கிழங்கு பெருக்கும். அதுவுமில்லாமல், கிழங்கைப் பிடுங்கும்போதே காடு முழுக்கப் புரண்டுவிடுகிறது. நிலக்கடலையும் அப்படித்தான், காய் பிடிக்கும் விழுது இறங்க மண் இளகியிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உழாத வெள்ளாமை ஒத்துவராது.

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? கோடை உழவில்தான் கம்பளிப்புழுவின் கூண்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகிறது, கொக்கும் மைனாவும் பொறுக்குகின்றன. உங்கள் மக்காச்சோளத்துக்கு 2018-இல் வந்த படைப்புழுவும் மண்ணுக்குள்தான் கூண்டு கட்டுகிறது. கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். நீங்கள் உழவே வேண்டாம் என்கிறீர்கள்!

தலைவாசல் மானாவாரி:
கிழங்கையும் கடலையையும் நான் சேர்க்கவில்லை ஐயா. சோளம், மக்காச்சோளம், துவரை, கொள்ளு இவற்றைத்தான் சொல்கிறேன். உழாமல் விளையாது என்பதையும் ஏற்க முடியாது. காவிரி டெல்டாவில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுகிறார்கள். ஒரு சால்கூட ஓட்டுவதில்லை. வண்டலில் தேங்கிய ஈரத்திலேயே உளுந்து விளைந்துவிடுகிறது.

வாழப்பாடி கிழங்கு:
அது வண்டல், ஈரம் காக்கும். நம் செம்மண் இரண்டு வாரம் வெயில் அடித்தால் கெட்டிப்பட்டுவிடும்.

மேச்சேரி ஆட்டுப்பட்டி:
நீங்கள் இருவரும் உழவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தட்டுதான் பிரச்சினையாகத் தெரிகிறது.

உழவைக் குறைத்தால் மண்மேல் தட்டோ சருகோ பரப்பிய மூடாக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் இன்னும் மோசம், சரி. மூடாக்குக்குத் தட்டை யார் விடப்போகிறார்கள்? எங்கள் பக்கம் இரண்டு கறவை இல்லாத வீடு குறைவு. மாசி, பங்குனியில் தட்டுப்போர்தான் பாலுக்கு ஆதாரம். விற்றால் கைக்குக் காசு. தானம் மாதிரி மண்ணுக்கு விட்டாலும் அறுத்த காட்டில் ஆடு வராமல் இருக்குமா? அறுத்த காடு ஊருக்கே பொது மேய்ச்சல் என்பது இங்கே பழைய ஏற்பாடு. நான் ஆடு வைத்திருப்பவன், அதனால் சொல்கிறேன்: என் ஆடு பத்து நாளில் ஒரு காட்டைத் துடைத்துவிடும். அப்புறம் உழாத, மூடாத வெறும் செம்மண்தான் மிஞ்சும். அதில் மழை பெய்தால் பாறையில் பெய்த மாதிரிதான்.

ஏற்காடு மிளகுக்கொடி:
மலைமேல் எங்கள் காப்பித் தோட்டங்களில் ஏர் பூட்டுவதே இல்லை. சில்வர் ஓக் இலையும் நிழல்மரச் சருகும் விழுந்து மக்கி, கையை விட்டால் கறுப்பு மண்ணும் மண்புழுவும் வருகிறது. சரிவில் உழுதால் ஒரு மழைக்கே மேல்மண் பள்ளத்துக்குப் போய்விடும்.

மேச்சேரி ஆட்டுப்பட்டி:
உங்களுக்கு மரமே மூடாக்குப் போடுகிறது, மழையும் அதிகம். மேட்டுக்காட்டுக்கு யார் சருகு கொண்டுவருவது?

ஏத்தாப்பூர் மாணவி:
மேச்சேரி அண்ணா சொன்னதைத்தான் ஆய்வும் சொல்கிறது. 2014-இல் 63 நாடுகளின் 610 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உழாத நிலத்தில் விளைச்சல் சராசரியாக சுமார் 6 சதவீதம் குறைவு. ஆனால் வறண்ட மானாவாரியில், மூடாக்கும் பயிர்ச்சுழற்சியும் சேர்ந்தால் விளைச்சல் கூடுகிறது. உழவை மட்டும் நிறுத்தினால் அந்தப் பலன் வராது.

இன்னொன்றும் உண்டு. மக்காச்சோளத் தட்டு மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் இளம்பயிர் வெளுக்கும். ஊடே தட்டைப்பயறோ உளுந்தோ போட்டால் ஓரளவு சரியாகும்.

தலைவாசல் மானாவாரி:
நான் முழுத் தட்டையும் விடுவதில்லை. மேல்பகுதியை மாட்டுக்கு அறுத்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு அடித்தட்டை நிற்கவிடுகிறேன். அந்தத் தடித்த அடியை மாடு எப்படியும் ஒதுக்கித்தான் தள்ளும்.

மேச்சேரி ஆட்டுப்பட்டி:
தட்டு வெட்டும் மிஷின் வைத்திருப்பவர் அதையும் நறுக்கிப் போட்டுவிடுவார். ஆனாலும் இது நடக்கக்கூடிய வழி. ஆட்டைத் தை மாதம் வரை அந்தப் பக்கம் ஓட்டாமல் இருக்க ஊரில் பேசித்தான் வைக்க வேண்டும்.

வாழப்பாடி கிழங்கு:
கோரைக் களைக்கு என்ன செய்வீர்கள்? வெளிநாடுகளில் உழாத வெள்ளாமை களைக்கொல்லியை நம்பித்தான் பெருமளவில் நடக்கிறது. இங்கே கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு 2022-இலேயே மத்திய அரசு கட்டுப்பாடு போட்டாகிவிட்டது. அது நம் மண்ணில் வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். அப்படியானால் ஆள் விட்டுக் களை கொத்தும் கூலியைக் கணக்கில் சேருங்கள்.

தலைவாசல் மானாவாரி:
கூலி கூடும், மறைக்கவில்லை. ஆனால் கோரையைப் பெருக்குவதே ரொட்டவேட்டர்தான். கிழங்குச் சரத்தைத் துண்டு துண்டாக்கிக் காடு முழுக்க நட்டுவிடுகிறது.

ஏத்தாப்பூர் மாணவி:
உழவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் மழை விட்ட மறுநாள் ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். முக்கால் அடியில் கம்பி நின்றுவிட்டால் அடிமண் இறுகியிருக்கிறது. உளிக்கலப்பையால் ஒன்றேகால் அடி ஆழம் கீறி, தொழுவுரம் போட்ட பிறகு உழவைக் குறைப்பதுதான் நல்லது. இறுக்கத்தை அப்படியே வைத்துவிட்டு உழவை நிறுத்தினால் வேர் கீழே இறங்காது.

வாழப்பாடி கிழங்கு:
இது நியாயமான பேச்சு. வர்ற ஆடிக்கு என் மக்காச்சோளக் காட்டில் ரொட்டவேட்டர் இறங்காது. சித்திரை உழவு மட்டும் நடக்கும், சரிவுக்குக் குறுக்காக.