கார் ஹீற்றரில குளிர்காத்து வருது, அவசரம்!

பனங்கொட்டை:
முழுச்சூட்டில விட்டாலும் குளிர்காத்துத்தான். ஸ்காபரோவில இண்டைக்கு -19. பிள்ளை பின்சீற்றில போர்வையோட இருக்கிறா. ஹீற்றர் கோர் (சுடுதண்ணி ஓடிக் காத்தைச் சூடாக்கிற சின்ன றேடியேற்றர்) அடைச்சிட்டுதாம், டாஷ்போட்டைக் கழட்டவேணுமாம். கராஜில கேட்ட காசு காரின்ரை விலையை விடக் கூட. நானே கழுவலாமோ? கெதியாச் சொல்லுங்கோ.

மார்க்கம்வாசி:
என்ன வாகனம், எத்தினையாம் ஆண்டு? சூட்டு முள்ளு எங்க நிக்குது? காத்து பலமா வருதோ?

பழைய_இரும்பு:
தேர்மோஸ்ரற், எஞ்சின் சூட்டுக்குத் திறந்து மூடுற வால்வு. யோசிக்காமல் மாத்துங்கோ.

லேத்துக்காரன்:
ஒவ்வொரு தை மாசமும் இதே கேள்வி. பழைய இழையளைத் தேடிப்பாக்க ஒருத்தருக்கும் பஞ்சி. தம்பி, எஞ்சின் சூடானாப் பிறகு டாஷ்போட் பக்கம் போற ரெண்டு ஹோசையும் தொட்டுப்பாரும். ரெண்டும் சுட்டா கோர் நல்லம், உள்ள காத்தைத் திருப்பிற கதவுதான் இறுகியிருக்கு. ஒண்டு மட்டும் சுட்டா அடைப்பு. ரெண்டும் வெதுவெதுப்பெண்டா இரும்பர் சொன்ன தேர்மோஸ்ரற், இல்லாட்டி கூலன்ற் (எஞ்சினுக்குள்ள சுத்துற உறையாத தண்ணி) குறைவு.

பனங்கொட்டை:
2008 மினிவான். முள்ளு நடுவில. ஒண்டில கைவைக்கேலாது, மற்றது பச்சைத்தண்ணி மாதிரிக் குளிருது. கோடையில றேடியேற்றர் ஒழுகேக்க அடைக்கிற பவுடர் ஊத்தினனான், அதாலயோ?

மார்க்கம்வாசி:
ஐயோ, இதையெல்லோ முதல் சொல்லவேணும்!

லேத்துக்காரன்:
பவுடர் ஊத்தினா இப்பிடித்தான். எஞ்சின் ஆறினாப் பிறகு ரெண்டு ஹோசையும் கழட்டி, வெளிய வாற பக்கத்தால தண்ணியை உள்ள விடும், ஓட்டத்துக்கு எதிரா. மெதுவா! றேடியேற்றர் மூடியே 15 பிஎஸ்ஐ அழுத்தம் அளவிலதான் தாங்கும். காத்தடிக்கிற கொம்பிரசரை முழுசா அடிச்சா கோர் கிழிஞ்சு காலடிக் கார்ப்பெற் நனையும். பிறகு டாஷ்போட்டைக் கழட்டத்தான் வேணும்.

பழைய_இரும்பு:
தண்ணி காணாது. வினாகிரியை ஒரு இரவு விட்டுவையுங்கோ.

கரவெட்டியான்:
அலுமினியத்துக்கு ஒரு இரவு வினாகிரியோ? ஊறுகாயோ போடுறியள்?

பழைய_இரும்பு:
நான் ரெண்டு வானுக்குச் செய்தனான். நீங்கள் எத்தினை கழட்டினனீங்கள்?

கரவெட்டியான்:
அந்த ரெண்டு வானும் இப்ப எங்க நிக்குது?

மார்க்கம்வாசி:
சண்டையை விடுங்கோ. பனங்கொட்டை, பழைய கூலன்றை வாளியில பிடியுங்கோ. இனிக்கும், நாய் பூனை நக்கினாச் செத்துப்போகும். கழுவின தண்ணியை வாயால ஊதுற அளவு காத்தில வெளிய எடுங்கோ, நிண்டா உறைஞ்சு கோர் வெடிக்கும். கூலன்ற் பாதி, காய்ச்சி வடிச்ச தண்ணி பாதி, அது -37 வரைக்கும் உறையாது. ஆறின எஞ்சினில மூடியைத் திறந்து வைச்சு, முன்பக்கத்தை உயர்த்தி, ஹீற்றரை முழுச்சூட்டில விட்டு ஓடவிடுங்கோ. குமிழி நிண்டாப் பிறகு மூடுங்கோ.

பனங்கொட்டை:
வெளிப் பைப்பை நவம்பரிலயே பூட்டியாச்சு. பேஸ்மென்றில உடுப்புத் தோய்க்கிற பைப்பில ஹோசைப் பூட்டி யன்னலால எடுத்தன். முதல் தேத்தண்ணிச் சாயம், பிறகு கட்டி கட்டியா மண். இப்ப என்ரை பக்கம் நல்லாச் சுடுது. மனிசியின்ரை பக்கம் அரைச்சூடு.

லேத்துக்காரன்:
அரைச்சூடெண்டா மிச்ச அடைப்பு, இல்லாட்டி காத்து நிக்குது. குமிழி நிக்குமட்டும் பாத்தனீரோ?

மார்க்கம்வாசி:
பனங்கொட்டை?

பழைய_இரும்பு:
வினாகிரி.