செருப்பைக் கவ்விக்கொண்டு உறுமும் ராஜபாளையம் நாயை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

நெல்லைக்காரி:
எங்கள் வீட்டில் இரண்டு வயதான ராஜபாளையம் ஆண் நாய் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருக்கும் இந்த நாய், வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிறது. எடுக்கக் கை நீட்டினால் பல்லைக் காட்டி உறுமுகிறது. அடுப்படி மேடையில் முன்னங்கால்களை ஊன்றிச் சாம்பார்ச் சட்டியை உருட்டுவதும், வருகிறவர்கள் தோளில் தாவுவதும் அன்றாட வழக்கமாகிவிட்டன. போன வாரம் அது தாவியதில் மாமனார் விழப் பார்த்தார். தெரிந்த ஒருவருடைய தோட்டத்துக்கு நாயைக் கொடுத்துவிடலாம் என்கிறார் அவர். பிள்ளைகள் அழுகிறார்கள், எனக்கும் மனம் வரவில்லை. அடிக்காமல் திருத்த வழி உண்டா?

தோட்டத்துவீடு:
இது காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட இனம். தெருமுனை வரை போய்த் திரும்புவது அதற்கு நடையே அல்ல. அதற்கும் முன்னால், காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, நிழல் விழாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. அதற்கு மருத்துவமனைப் பரிசோதனைதான் வேண்டும்.

முத்துநகர்வாசி:
உறுமியதற்காக ஒருபோதும் தண்டிக்காதீர்கள். அது கடிப்பதற்கு முந்தைய எச்சரிக்கை. அடிவாங்கி உறுமலை விட்டுவிட்ட நாய், அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கக்கூடும். செருப்புகளைக் கதவுள்ள அலமாரிக்குள் வைத்துவிட்டு, அதற்கு அவ்வளவாகப் பிடிக்காத பழந்துணி ஒன்றில் பயிற்சியைத் தொடங்குங்கள். துணி அதன் வாயில் இருக்கும்போது, கிட்டப் போகாமல், வேகவைத்த கோழித் துண்டை அதன் முன் எறிந்துவிட்டு விலகிவிடுங்கள். நாளடைவில் உங்களைக் கண்டதும் அதுவே துணியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும்; அதன்பிறகுதான் "விடு" என்று சொல்லித் துணியை எடுத்து, இறைச்சியைக் கொடுத்து, துணியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிடுங்கப்பட்டது திரும்பி வரும் என்று தெரிந்த நாய்க்குக் காவல் காக்க வேண்டிய அவசியம் குறைகிறது. பிள்ளைகளை இதில் ஈடுபடுத்த வேண்டாம். உறுமல் திடீரென்று தொடங்கியதாக இருந்தால், பல்லிலோ காதிலோ வலி உண்டா என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாவும்போது திரும்பி நின்றுகொள்ளுங்கள். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சுங்கள். தொடக்கத்தில் இன்னும் அதிகமாகத் தாவும். அப்போது யாராவது இளகிவிட்டால், விடாமல் தாவினால் காரியம் நடக்கும் என்றுதான் கற்றுக்கொள்ளும்.

பழையபேட்டை:
மாமனார் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நாய் திருந்தும் வரை அவர் அறை வாசலில் தடுப்புக் கதவு போடுங்கள். விருந்தினர் வந்தால் நாயைக் கட்டிவையுங்கள். அடுப்படிக்கும் ஒரு தடுப்பு வேண்டும், ஏனென்றால் சாம்பாரில் கிடக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்குப் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வீட்டு நாய்தானே என்று எண்ணாமல், பல் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நெல்லைக்காரி:
அனைவருக்கும் நன்றி. கைதட்டியதும் திரும்பிப் பார்த்தது. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் வடையைப் பிட்டுப் போடுவது மாமனார்தான் என்று சின்னவள் இன்று போட்டுக்கொடுத்துவிட்டாள்! கோழித் துண்டு எறியும் வேலையை அவரிடமே ஒப்படைக்கலாமா?

முத்துநகர்வாசி:
தாராளமாக ஒப்படைக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து, தடுப்புக் கதவுக்கு உள்ளே இருந்தபடி எறியட்டும். வடையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அதிலும் வெங்காயம் இருக்கிறது.