சக்கர நாற்காலியோடு கப்பல் பயணம்: துணைக்கு வருபவருக்கும் டிக்கெட்டா?

வணக்கம். அம்மா மின்சாரச் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஐரோப்பாவுக்குள் ஃபெர்ரியில் தனியாக வரப்போகிறார். துணை இல்லாமல் ஏற்ற மாட்டோம், துணைக்கு வருபவருக்கும் முழு டிக்கெட் எடுங்கள் என்கிறது கப்பல் நிறுவனம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறைப்படி, துணை கட்டாயம் என்று நிறுவனமே சொன்னால் அவரைக் கட்டணமின்றி ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்கும் உதவியும் இலவசம். 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்தால் போதும். இதைச் சொன்னால், "பார்க்கிறோம்" என்று ஒரே பதில். (எத்தனை நாள்தான் பார்ப்பார்களோ!)

ஏற்ற மறுத்தால், நாம் கேட்ட 5 வேலை நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்படி யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? கடிதத்தில் என்ன எழுதினீர்கள்?

இன்னொன்று: வழியில் நாற்காலி உடைந்தால் இழப்பீடு கேட்க, ஏறும் முன் எடுத்த படங்கள் போதுமா?